ஊசியும் ஒன்பது கொக்கிகளும்

என் மச்சினனைப் பற்றி எழுத இந்த ஊரில் என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது. அவன் அக்காவைக் கட்டிக்கொண்டு நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது. அவனை ஆளாக்கி விட்டதும் நான்தான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு; அதற்கு மேல் எனக்கு வாத்தியார் கல்தான். ஒற்றை உளி, ஒற்றைச் சுத்தியலோடு தெருவோரத்தில் உட்கார்ந்தவன், இன்றைக்கு மூன்று அறுவை மெஷின் ஓடுகிற பட்டறைக்கு முதலாளி. இந்த ஊரில் நீங்கள் ஏறுகிற படி, காய் நறுக்குகிற மேடை, கடைசியில் உங்கள் தலைமாட்டில் நிற்கப்போகிற கல், இதில் ஏதாவது ஒன்று என் கைபட்டதாகத்தான் இருக்கும். தற்பெருமை இல்லை. போய்த் தட்டிப் பாருங்கள், சத்தத்திலேயே தெரியும்.

மச்சினனுக்கு ஊசி என்று பெயர் வைத்தவனும் நான்தான். ஆள் ஒல்லி என்று நினைத்துவிடாதீர்கள், நாற்காலி முனகுகிற உடம்பு. சட்டைக் காலரில் எப்போதும் ஒரு ஊசி குத்தி வைத்திருப்பான். எங்கே அழுக்கைக் கண்டாலும் அதை எடுத்துக் கிளறி வெளியே தள்ளினால்தான் அவனுக்கு மூச்சு வரும். சீப்புப் பல்லின் இடுக்கு, சாவித் துவாரம், ரேடியோவின் பொத்தான் ஓரம், எதையும் விடமாட்டான். அவன் கல்யாணப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை மட்டும் பெண்ணின் தோளில் ஒட்டியிருந்த ஒரு நூலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இப்படிப்பட்டவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? நான் கொடுத்தேன். பட்டறையில் மெருகு போடுகிற வேலை. பன்னிரண்டு படிக்கல் ஒரு வீட்டுக்குப் போகவேண்டும். எட்டு நாளில் ஒரு படி முடித்தான். அந்த ஒரு படி கண்ணாடி மாதிரி இருந்தது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் வீட்டுக்காரர் வந்து, மீதிப் படி வருமா, இல்லை ஏணி வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கல் வந்தது. பதினோரு வருஷம் ஆயிற்று. மூடிப்போன ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் வாசலில் மலை மாதிரி குவித்திருந்த, சுரங்கத்தின் கூரையிலிருந்து உடைத்த கல்லை மொத்தமாக ஏலத்தில் எடுத்திருந்தேன். பெரும்பாலும் இரண்டு மழை பெய்தால் வெங்காயம் மாதிரி உரிந்துபோகிற கல். அதில் ஒன்று மட்டும் இரும்பு ஏறி இறுகிப்போய், தட்டினால் கணீரென்றது. கதவில் பாதி அளவு. நடுவில் பிளந்தால் இரண்டு பலகை கிடைக்குமே என்று வரிப்போக்கில் உளி வைத்து நாலு தட்டுத் தட்டினேன். புத்தகம் விரிகிற மாதிரி திறந்துகொண்டது.

உள்ளே படம். மீன் செதிள் மாதிரி கட்டம் கட்டமாகப் பட்டை வைத்த ஒரு மரத்தண்டு. அதை ஒட்டி, பென்சில் பருமனில் ஒரு காம்பு, கல்லின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. காம்பில் இறகு மாதிரி இலைகள். எல்லாம் கறுப்பாக, நேற்று ஒட்டினது போல. இந்தப் பாதியில் இருந்த அதே படம், கண்ணாடியில் பார்ப்பது போல, அந்தப் பாதியிலும் இருந்தது.

இங்கே தொழில் சங்கதி ஒன்று சொல்லவேண்டும். ஜோடியாகத் திறக்கிற கல் எங்களுக்குப் புதிது இல்லை. வாடிக்கைக்காரருக்கு ஒரு பாதியைத்தான் காட்டுவோம். இரண்டிலும் ஒரே கோலம்தானே, ஒன்றைப் பார்த்தால் இரண்டையும் பார்த்த மாதிரி. இந்த மாதிரி இலைப்படக் கல்லை மியூசியத்தில் வாங்கிக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னார்கள். வீட்டில் என் சம்சாரம் துணி துவைக்கிற கல் உடைந்துவிட்டது என்று மூன்று மாதமாக என்னைத் துவைத்துக்கொண்டிருந்தாள். ஆளுக்குப் பாதி என்று முடிவு செய்தேன். ஒரு பாதியைப் பின்கட்டில் மணல் பரப்பி, படத்தைக் கீழே கவிழ்த்து, நானே மட்டம் பார்த்துப் போட்டேன். படம் மேலே இருந்தால் பித்தான் மாட்டிக்கொள்ளும் பாருங்கள். ஊசி அந்த வாரம் மாமியார் வீட்டில் இருந்தான். அவனுக்கு இதெல்லாம் தெரியாது.

மறு பாதியை அன்றைக்கே மியூசியத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். காய்ச்சலுக்குப் பார்க்கிற டாக்டர் இல்லை, செத்து முப்பது கோடி வருஷம் ஆன செடிகளுக்குப் பார்க்கிற டாக்டர். நோயாளிகள் யாரும் இதுவரை குறை சொன்னதில்லையாம். அவர் கல்லின் மேல் குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. நிமிர்ந்து, இதன் மறுபாதி இருக்கிறதா என்று கேட்டார்.

இனாமாக ஒன்று கொடுத்தால் உடனே இரண்டாவதைக் கேட்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. "கிடைச்சது இவ்வளவுதாங்க" என்றேன். அது பொய் இல்லை. அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

இந்த மாதிரிக் கல்லை மணல் மணலாக எடுத்துச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும், வைத்த ஆள் எவரும் ஒரு மாதம் தாங்குவதில்லை என்று அவர் வருத்தப்பட்டார். கல்லோடு ஆளையும் தருகிறேன் என்றேன். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்தார். அடுத்த வாரம் ஊசியைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். தீப்பெட்டி அளவில் ஒரு கல்லைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். மூன்று நாள் கழித்து டாக்டரம்மா அவனிடம் போய், இவ்வளவு அவசரம் வேண்டாம், நிதானமாகச் செய்யுங்கள் என்றாராம். உலகத்திலேயே அவனைப் பார்த்து அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு அதை மூன்று தடவை சொன்னான்.

அவன் வேலை செய்கிற அறையை நான் பார்த்திருக்கிறேன். மியூசியத்தின் தரைக்குக் கீழே, குழாய்கள் ஓடுகிற நடைபாதையின் கடைசியில். நீள மேஜை, கழுத்து வளைகிற விளக்கு, இரண்டு கண்ணாலும் பார்க்கிற பூதக்கண்ணாடி. கல் ஆடாமல் இருக்க அடியில் மணல் மூட்டை. தையல் ஊசியை ஒரு பிடியில் முடுக்கி, மண்ணை ஒரு பொடி, ஒரு பொடியாக உந்தவேண்டும். உந்தினதை ரப்பர் பந்தால் புஸ் என்று ஊதவேண்டும். மதியம் வரை இப்படி உந்தி ஊதினால், ஒரு விரல் நகம் அளவு இலை வெளியே வரும். அவனுக்கு அது சொர்க்கம். என்னைக் கேட்டால், என் அறுவை மெஷினை ஒரு நிமிஷம் விட்டால் போதும் என்பேன். டாக்டரம்மாவிடமும் சொன்னேன். அதற்குப் பிறகு என்னை அந்த அறைக்குள் விடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊசி வந்து அந்தக் காட்டைப் பற்றிச் சொல்லுவான். முப்பது கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கெல்லாம் முழங்கால் ஆழச் சேறாம். பூ கிடையாது, பறவை கிடையாது. காக்கை அளவுக்குத் தும்பி. மரங்கள் எல்லாம் விளக்குக் கம்பம் மாதிரி நெட்டுக்குத்தாக நின்று, உச்சியில் மட்டும் கொஞ்சம் கிளை விடும். மேலே வெளிச்சம், கீழே இருட்டு. ஒல்லியாகப் பிறந்த செடிக்குத் தானாக நிற்கத் தெம்பு இல்லை. அது என்ன செய்யும்? இலை நுனியைக் கொக்கியாக வளைத்து, பக்கத்து மரத்தின் செதிளில் மாட்டி, மாட்டி, மேலே ஏறிவிடும். பிறகு சேறு மூடி, காடு கரியாகி, மேலே படிந்த சேறு கல்லாகி, அந்தக் கல்தான் சுரங்கத்துக்குக் கூரையாம்.

"நீயும் அந்தக் கொடிதான்டா" என்றேன் நான். "என்னைப் பிடிச்சுத்தானே ஏறினே."

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஆமா அத்தான். ஆனா மேடம் சொல்றாங்க, அந்த மரத்துக்கெல்லாம் வெளித்தோல்தான் கெட்டியாம். உள்ளே ஒண்ணும் கிடையாதாம்."

என் சம்சாரம் அடுப்படியில் இருந்து சிரித்தாள். நான் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

நான் கொடுத்த கல் பத்து வருஷம் இழுப்பறையில் முறை காத்திருந்தது. போன வருஷம்தான் மேஜைக்கு வந்தது. வந்ததும் ஒரு சண்டையோடு வந்தது. நம் டாக்டரம்மா, இது மரத்தில் ஏறின கொடி என்றார். காம்பு இவ்வளவு ஒல்லி, இவ்வளவு நீளம், இலைக்கு இலை இவ்வளவு இடைவெளி, இது தானாக நின்றிருக்க முடியாது என்பது அவர் கட்சி. வேறு ஊர் மியூசியத்தில் ஒரு தாடிக்காரர் இருக்கிறார், அவரும் இதே துறையில் பெரிய டாக்டர். அவர், இது எங்கேயோ ஒடிந்து வந்து மரத்தின் பக்கத்தில் விழுந்த வெறும் பெரணி இலை, கொக்கி எங்கே, காட்டுங்கள் என்றார். புதுக் கூடம் திறக்கப்போகிறார்கள். கொக்கி இருந்தால் இந்தக் கல் கூடத்தின் நடுவில் நிற்கும். இல்லாவிட்டால், விழுந்த இலைகள் என்று சீட்டு ஒட்டின இழுப்பறைக்குப் போகும். ஒரு வியாழக்கிழமை தாடிக்காரரே நேரில் வருவதாக ஏற்பாடு.

ஊசி ஏழு மாதம் அந்தக் கல்லில் உட்கார்ந்தான். வியாழனுக்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை மத்தியானம், என் வீட்டுப் பின்கட்டுக்கு வந்து, துவைக்கிற கல்லின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

"அத்தான், கொக்கியையெல்லாம் துடைச்சுட்டேன்" என்றான்.

நான் கதவுக் கொக்கி என்று நினைத்து, நல்லதுதானே என்றேன். பிறகுதான் விஷயம் வந்தது. சுத்தம் செய்வதற்கு முன்னால் எடுத்த போட்டோவை டாக்டரம்மா காலையில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். இலை நுனிகளில், ஈ உட்கார்ந்தது போல, வளைந்த கறுப்புப் புள்ளிகள்; போட்டோவில் இருக்கிற புள்ளியைத் தாடிக்காரர் கொக்கி என்று ஒப்புக்கொள்ளமாட்டார். அதே இடத்தைக் கல்லில் பார்த்தால் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. மாதிரி என்ன, துடைத்தே வைத்திருக்கிறது. துரு என்று நினைத்து, ஒவ்வொன்றாக ஊசியால் கிளறி, ரப்பர் பந்தால் ஊதி அனுப்பிவிட்டான். ஒன்றுகூட விடவில்லை. விடுகிற ஆளா அவன்?

டாக்டரம்மா திட்டவில்லையாம். நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஆனால் மியூசியத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. கல்லைக் கெடுத்தவன் மறுபடி அந்த மேஜையில் உட்காரக்கூடாது. மியூசியத்தை நடத்துகிற பெரியவர் காதுக்குப் போனால், வருகிற திங்கட்கிழமையிலிருந்து ஊசிக்கு டிக்கெட் கொடுக்கிற ஜன்னலில்தான் வேலை. நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு டிக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரத்துப் பிசிறை எடுத்து, ஊதிக் கொடுப்பான். வரிசை அடுத்த ஊர் வரை நிற்கும். ஒரு வாரத்தில் அங்கேயிருந்தும் அனுப்புவார்கள். பிறகு மறுபடி என் பட்டறைக்குத்தான் வரவேண்டும். அவனுக்குக் கஷ்டம் என்பது ஒரு பக்கம், எனக்கு எப்படி இருக்கும்?

என் சம்சாரம் துணிக்கூடையோடு வந்தாள். "டேய், எழுந்திருடா. அழறதா இருந்தா அந்த நாற்காலியில உட்கார்ந்து அழு. எனக்கு வேலை இருக்கு."

அவன் எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்து என்னிடம் நீட்டினான். நான் ஒரு தடவை வெட்டின கல்லை மறக்கவே மாட்டேன், அது என் சுபாவம். செதிள் மரம், ஒல்லிக் காம்பு, இறகு இலை. படத்தைப் பார்த்தேன். அவன் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தேன்.

சொல்லியிருக்கவேண்டும். ஆனால் ஒரு பெரிய மனுஷன், பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டரிடம் சொன்ன வார்த்தையைச் சட்டென்று எப்படித் திருப்பி வாங்குவான்? ஒரு டீ குடித்தேன். இன்னொரு டீ கேட்டேன். சர்க்கரை போதவில்லை என்றேன்.

சம்சாரம் போட்டோவை எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இந்தக் கல்லுக்கு அடியிலயும் இதே மாதிரி இலை இலையா இருந்துச்சே. நீங்கதானே கவுத்துப் போட்டீங்க?"

ஊசியின் அழுகை குழாயை மூடினது போல நின்றது. மெதுவாக எழுந்தான். கல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மறுபாதி இல்லைன்னு மேடம்கிட்ட சொன்னீங்களே அத்தான்."

"கேட்ட நேரத்துல ஞாபகம் வரல" என்றேன்.

"அன்னைக்குக் காலையிலதானே போட்டீங்க" என்றாள் சம்சாரம்.

உடனே கல்லைப் புரட்ட நான் பட்டறைக்குச் சொல்லி அனுப்பினேன். ஆனால் அவள் விடவில்லை. பதினோரு வருஷம் பழகின கல், இதற்கு ஈடாக இன்னொன்று வரும்வரை தொடக்கூடாது என்றாள். பட்டறையிலேயே நல்ல கல் பார்த்து அனுப்பச் சொன்னேன். சரி, ஆனால் ஊறவைத்த துணியை என்ன செய்வது, துவைத்து முடித்துத்தான் தருவேன் என்றாள். முப்பது கோடி வருஷம் காத்திருந்த கொடி இன்னும் ஒரு கூடைத் துணிக்குக் காத்திருந்தது. அவள் போர்வையை ஓங்கி அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஊசி நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

பட்டறையிலிருந்து இரண்டு பேர் கடப்பாரையோடு வந்து நெம்பினார்கள். அடியில் ஒரு தவளை, பாதிச் சீப்பு, ஆறு வருஷமாக நான் தேடின என் சட்டைப் பித்தான். கல்லைப் புரட்டி வைத்தோம். முகம் முழுக்க ஈர மணல் அப்பிக்கொண்டிருந்தது. ஒரு படமும் தெரியவில்லை.

ஊசியின் கை தானாகக் காலருக்குப் போனது. போனது அவனுக்கே தெரியாது. சம்சாரம் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஊசியைக் குடு."

"இல்லக்கா, மண்ணை மட்டும்..."

"குடுடா."

வாங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள். ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி மெதுவாக ஊற்றினாள். மணல் வழிந்தது. ஈரக் கல்லில் கறுப்பு எழும்பி வந்தது. செதிள், காம்பு, இலை. இலை நுனியில், அரிசியில் பாதி அளவுக்கு, பூனை நகம் மாதிரி வளைந்த கொக்கி. ஒன்று, இரண்டு என்று நான் சத்தமாக எண்ணினேன். ஒன்பது. அதில் நாலு, மரத்தின் செதிளில் நன்றாக மாட்டிக்கொண்டு, இன்னும் பிடியை விடாமல் இருந்தன. ஊசி தரையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

சொல்லி அனுப்பியதும் டாக்டரம்மா வண்டி பிடித்து வந்து, சோப்புத் தண்ணீரில் மண்டி போட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அன்றைக்கு மேகம் நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை நானும் சம்சாரமும் போயிருந்தோம். கல் கொடுத்தவன் இல்லாமல் எப்படி? இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். தாடிக்காரர் லென்ஸைக் கண்ணில் வைத்து, தாடி கல்லில் படாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார். ஒன்பது கொக்கியையும் எண்ணினார். நிமிர்ந்து, ஏறித்தான் இருக்கிறது என்றார். டாக்டரம்மாவின் முகத்தில் விளக்குப் போட்டது மாதிரி ஆனது.

அதோடு விட்டிருக்கலாம். தாடிக்காரர் முதல் பாதியைக் காட்டி, இந்தப் பக்கம் ஏன் ஒரு கொக்கியும் இல்லை என்று கேட்டார். டாக்டரம்மா நல்ல மனுஷி. கல் பிளக்கும்போது எல்லாம் அந்தப் பக்கமே ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். அங்கே நின்ற மியூசியத்துப் பெரியவரும் ஆட்டினார். ஊசியின் மேஜை தப்பிவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன். சாவித் துவாரத்தில் தூசியைக் கண்டால் இருக்குமே, அந்த முகம்.

"அப்படி இல்லைங்க" என்றான். "இருந்துச்சு. நான்தான் அழுக்குன்னு நினைச்சு எடுத்துட்டேன்."

அவனுக்கு ஆரம்பித்தால் ஓரம் வரை சுத்தம் செய்யாமல் நிறுத்தத் தெரியாது. என் பக்கம் திரும்பினான். "மறுபாதி முன்னாடியே வந்திருக்கணும். அத்தான் இல்லைன்னு சொல்லிட்டார். அதுல எங்க அக்கா துணி துவைச்சாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கூடத்தில் வானம் கிடையாது. சம்சாரம் வேறு, ஆமாம் என்று பலமாகத் தலையாட்டினாள்.

முதலில் சிரித்தது தாடிக்காரர்தான். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவரும் சின்ன வயதில் ஒரு பூச்சியின் இறக்கையைப் பாசி என்று நினைத்துச் சுரண்டி எறிந்தாராம். அன்றிலிருந்து இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லையாம். இப்படி ஒப்புக்கொள்கிற ஆளை மேஜையிலிருந்து எழுப்பினால், நான் என் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றார். அதைக் கேட்டதும் பெரியவருக்குச் சட்டம் கொஞ்சம் மறந்துபோயிற்று.

ஆக, ஊசி அதே அறையில், அதே மேஜையில்தான் இருக்கிறான். ஒரே ஒரு நிபந்தனை, மறுபாதிக்குக் கிட்டே போகக்கூடாது. இரண்டு பாதியும் புதுக் கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கின்றன. நன்கொடை என்று என் பட்டறையின் பெயரும் கீழே இருக்கிறது, எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம். ஒரு விஷயம் மட்டும் அவர்கள் எழுதவில்லை. நான் அன்றைக்கு இரண்டையும் கொடுத்திருந்தால், இரண்டையும் அவன் துடைத்திருப்பான். என் வீட்டுப் பின்கட்டில் கவிழ்ந்து கிடந்ததால்தான் அந்த ஒன்பது கொக்கியும் பிழைத்தது. இதை டாக்டரம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். மறுக்க முடியவில்லை என்று அர்த்தம்.

சம்சாரம் புதுக் கல் வழுக்குகிறது என்று தினமும் சொல்கிறாள்.

பெட்டிக்கு முன்னால் ஜனங்களுக்காக ஒரு பலகை வைத்திருக்கிறார்கள், தொடாதீர்கள் என்று. பெட்டியின் பின்பக்கம், ஊழியர்கள் திறக்கிற சின்னக் கதவின் உள்ளேயும் அதே போல ஒரு அட்டை உண்டு. அது ஒரே ஒரு ஆளுக்காக, டாக்டரம்மா தன் கையால் எழுதி ஒட்டினது. போன மாதம் விளக்கு மாற்ற அந்தக் கதவைத் திறந்தபோது ஊசியும் பக்கத்தில் இருந்தானாம். கல்லைத் தொட்டாயா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றான். அந்த அட்டையின் ஓரத்தில் மட்டும் ஒரு தூசு இருந்ததாம். அதை எடுத்துவிட்டானாம்.